தேர்க்காலும் நடைப்பிணமும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே நிலாவெளிக்குச் செல்லும் சாலை உப்புவெளியைக் கடக்குமிடத்தில் இரண்டாம் உலகப் போரில் மாண்ட படையினரின் மயானம் ஒன்று உளது. ஒழுங்காக வெட்டப்பட்ட புற்றரையில் 300க்கு மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். ஒவ்வொருவர்க்கும் ஒரு கல். கல்லிற் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். பெயர் அறியப்படாதவர்க்கும் ஒரு கல் நாட்டி வைத்தல் அம்மயானங்களைப் பேணும் ஆணைக்குழுவின் வழக்கமாகும். பட்டினத்துத் தனியார் வகுப்பு முடிந்து மாலையில் நிலாவெளிக்குத் திரும்பும் பேருந்து இவ்விடத்தைக் கடக்கையில் யன்னலோரத்து மாணவன் வெளியே நோக்குவதில்லை. அவன் கையிலுள்ள தொலைபேசித் திரையில் ஒரு பழைய கார் பாலைநிலத்து மேடுபள்ளங்களைத் தாண்டி ஓடுகின்றது. எதிரே தள்ளாடி வரும் பிணங்கள் அதன் முகப்பில் மோதிச் சிதறுகின்றன. எரிபொருள் தீர்கின்றது; கார் நிற்கின்றது; மாணவன் மீண்டும் தொடங்குகின்றான். பேருந்து நிலாவெளியை அடையுமுன் இஃது எத்தனை முறை நிகழ்ந்தது என்பதை அவனே அறியான்.

அவ்விளையாட்டின் பெயர் ‘ஏர்ண் டு டை’ என்பது. ‘இறப்பதற்கு ஈட்டு’ என அதனை ஒருவாறு தமிழாக்கலாம். டொஃபி கேம்ஸ் என்னும் குழுவினர் ஆக்க, நொட் டொப்ளர் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம் வெளியிட்டது. முதலிற் கணினி உலாவியில் ஃபிளாஷ் என்னும் மென்பொருளின் துணையோடு ஓடிற்று. 2012 அளவிற் கைத்தொலைபேசிக்கு வந்தது. 2014 இல் இரண்டாம் பாகம் வெளியாயிற்று. 2020 டிசெம்பர் முடிவோடு ஃபிளாஷ் கைவிடப்பட்டபொழுது அக்காலத்து உலாவி விளையாட்டுகள் பல வழக்கொழிந்தன. இது தொலைபேசியிற் குடிபெயர்ந்து பிழைத்துக்கொண்டது. இதனை ஒத்தனவும் இதனைப் பார்த்துச் செய்தனவுமாகிய விளையாட்டுகள் பல உள. அவற்றுள் எதனை எடுத்துக்கொண்டாலும் இங்குக் கூறப்படுவனவற்றுட் பெரும்பாலன பொருந்தும்.

இத்தகைய சிறுபொருளை இலக்கியத் திறனாய்வின் தராசில் வைத்தல் குருவி தலையிற் பனங்காய் வைப்பது போலாகும் என்று கற்றோர் கூறக்கூடும். ஆயின், 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணரும் வரை, கூத்தும் கற்றோர் அவையில் ஏறத்தகாத பொருளாகவே பலராற் கருதப்பட்டது. இளைஞர் நாள்தோறும் கையில் ஏந்தும் ஒன்றை ஆசிரியர் இகழ்ந்து ஒதுக்கினால், அதனை அறிந்தார் இகழ்ந்தார் என்று எவரும் கொள்ளார். அறியாமையால் ஒதுக்கினார் என்றே கொள்வர். எனவே முதற்கண் அவ்விளையாட்டு யாது செய்கின்றது என்பதை உள்ளவாறு காண்டல் தகும்.

கதை மிகச் சிறிது. உலகு பிணங்களால் நிறைந்துவிட்டது. பாலைநிலத்தின் நடுவே ஒருவன் அகப்பட்டுள்ளான். தொலைவில் அவனை மீட்க ஒரு ஹெலிகொப்டர் காத்து நிற்கின்றது. அவனிடம் உள்ளன ஓர் உடைந்த காரும் சொற்பப் பணமுமே. கார் இடமிருந்து வலமாக ஓடும். ஆடுவோன் செய்யத்தக்கன இரண்டொன்றே: முடுக்கியை அழுத்தலாம், கார் மேட்டிலிருந்து துள்ளுங்கால் அதன் முன்பக்கத்தைத் தாழ்த்தவோ உயர்த்தவோ செய்யலாம். முதல் ஓட்டத்தில் வண்டி சிறிது தூரமே செல்லும். எரிபொருள் தீர்ந்து நின்றுவிடும். அத்துடன் அந்நாள் முடிந்தது. சென்ற தூரத்திற்கும் வீழ்த்திய பிணங்களுக்கும் கூலி கிடைக்கும். அக்கூலியைக் கொண்டு இயந்திரத்தையும், பற்சக்கரத் தொகுதியையும், சில்லுகளையும், எரிபொருட் கலத்தையும் திருத்தலாம். முகப்பிற் கூரிய இரும்புச் சட்டமும் கூரையில் துப்பாக்கியும் பொருத்தலாம். மறுநாள் மீண்டும் அதே இடத்திலிருந்து அதே சாலை. இம்முறை கார் சற்றுக் கூடுதலான தூரம் செல்லும். இவ்வாறு பன்முறை ஓடியபின் ஒரு நாள் அது கரை சேரும். உடனே வேறொரு பெரிய வண்டியும் வேறொரு நீண்ட சாலையும் வந்துவிடும்.

ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தல் இவ்விளையாட்டின் குறை என்று எளிதிற் கூறிவிடலாம். அக்கூற்று ஆராயாது உரைத்ததாகும். கிட்டிப்புள்ளும் கிளித்தட்டும் திரும்பச் செய்தலாலேயே ஆனவை. கிளித்தட்டில் ஒரு சிறுவன் நூறு முறை ஒரே கோட்டைக் கடக்கின்றான். நூறு முறையும் கிளியாக நிற்பவனின் கண்ணையும் தோளையும் புதிதாகப் படிக்கவேண்டியிருக்கின்றது. கதையிலும் இவ்வாறே. விக்கிரமாதித்தன் முருங்கை மரத்திலிருந்து உடலை இறக்கித் தோளிற் சுமந்து செல்கின்றான். வேதாளம் கதை சொல்லி வினா எழுப்புகின்றது. அரசன் வாய்திறக்க அது மீண்டும் மரம் ஏறிவிடுகின்றது. வடமொழியில் இருபத்தைந்து கதையாக வழங்கும் அத்தொகுதி முழுவதும் ஒரே நடை, ஒரே மரம், ஒரே பிணம். கேட்போர்க்கு அது சலிப்பதில்லை. மரத்திற்கும் சுடுகாட்டிற்கும் இடைப்பட்ட தூரம் மாறாவிடினும் வினா ஒவ்வொரு முறையும் மாறுகின்றது என்பதே அதற்குக் காரணமாகும்.

‘ஏர்ண் டு டை’யில் மாறுவது யாது? இயந்திரம் மாறுகின்றது, வினா மாறுவதில்லை. ஆடுவோன் முதல் நாள் அறிந்ததற்கு மேலாகப் பத்தாம் நாள் அறிவது மிகச் சிறிதே. மேடு எங்கே வரும், எவ்விடத்தில் முன்பக்கத்தைத் தாழ்த்தவேண்டும் என்னும் சில நுணுக்கங்கள் கைவரும், அவ்வளவே. அவன் தோற்பது திறமைக்குறையாலன்று, பணக்குறையால். வெல்வதும் பணத்தால். கையின் பயிற்சிக்குக் கொடுக்கவேண்டிய பரிசைக் கடை பறித்துக்கொள்கின்றது என்று கூறுதல் மிகையன்று. இலவசமாகக் கிடைக்கும் வடிவங்களில் ஓட்டத்திற்கும் ஓட்டத்திற்கும் இடையே விளம்பரம் வேறு வந்து நிற்கும். அது வேதாளத்தினும் தொல்லையானது, கதையும் சொல்லாது.

எனினும் இவ்விளையாட்டில் உண்மையான சிறப்பொன்று உளது. அதனைக் கூறாது விடுதல் நடுவுநிலைமை ஆகாது. பாரம் என்பது இங்கே பொய்யாக இல்லை. கார் மேட்டில் ஏறுங்கால் இளைக்கின்றது. பள்ளத்தில் இறங்குங்கால் விரைகின்றது. துள்ளி விழுங்கால் சில்லுகள் நசுங்கி மீள்கின்றன. எரிபொருள் தீர்ந்தபின்னும் வண்டி உடனே நிற்பதில்லை. மிஞ்சிய வேகத்தில் உருண்டு உருண்டு சென்று, ஒரு சிறு மேட்டின் உச்சிக்கு ஒரு முழம் இப்பால் தயங்கி, பின்னோக்கி வழுகி நிற்கும். அக்கணத்தில் ஆடுவோனின் உடலும் தன்னை அறியாது முன்சாய்வதைக் காணலாம். தேரின் வடத்தைப் பிடித்தவன் சக்கரம் அசையுமோ அசையாதோ என்று மூச்சடக்கி நிற்கும் கணத்திற்கு இது தொலைவான உறவினது.

இப்பாரம் பிணங்களுக்கும் உண்டு. இதுவே கவனித்தற்குரியது. மோதப்படும் ஒவ்வோர் உடலும் வண்டியின் வேகத்தைச் சிறிது குறைக்கின்றது. ஒன்றிரண்டாயிற் பொருட்டில்லை, கும்பலாக வருமாயின் கார் திணறி நின்றேவிடும். முதல் நாட்களில் ஆடுவோனைத் தோற்கடிப்பன பாலையின் மேடுகளும் எரிபொருளும் மட்டுமல்ல, இறந்தோரின் எடையுமாகும். கதை அவர்களைப் பொருளற்றவர் என்கின்றது. கணக்கோ அவர்களுக்கு எடை உண்டு என்கின்றது. விளையாட்டை ஆக்கியோர் இதனைக் கருதிச் செய்தனரா என்பது வேறு. ஒரு படைப்பின் கதையும் அதன் இயக்கமும் ஒன்றையொன்று மறுத்து நிற்கும் இடம் திறனாய்வுக்கு வாய்ப்பான இடமாகும்.

வண்டியால் உடலை மோதும் விளையாட்டு இன்று நேற்று எழுந்ததன்று. 1976 இல் அமெரிக்காவில் எக்சிடி என்னும் நிறுவனம் ‘டெத் ரேஸ்’ என்னும் பெயரில் நாணயம் இட்டு ஆடும் பொறியொன்றை வெளியிட்டது. கறுப்புவெள்ளைத் திரை, குச்சியால் வரைந்தனபோன்ற உருவங்கள், உண்மையான சுக்கான் ஒன்றும் முடுக்கி மிதியும். உருவத்தை மோதினால் ஓர் அலறல் கேட்கும். அவை மனிதரல்லர், ‘கிரெம்லின்’ எனப்படும் குட்டிப்பூதங்களே என்று நிறுவனத்தார் உரைத்தனர். அவ்வுரை எடுபடவில்லை. நாட்டின் பாதுகாப்புச் சபை கண்டித்தது, பத்திரிகைகள் எழுதின, கண்டனத்தால் விற்பனை பெருகிற்று. கணினி விளையாட்டின் வன்மை பற்றிய முதற் பெரும் பூசல் அதுவே என்பர்.

இருபத்தோர் ஆண்டுகளின் பின் அதே நாடகம் பிரித்தானியாவில் மீண்டும் ஆடப்பட்டது. வைட் தீவைச் சேர்ந்த ஸ்டெயின்லஸ் குழுவினர் ஆக்கி, எஸ்சிஐ நிறுவனம் 1997 இல் வெளியிட முனைந்த ‘கார்மகெடன்’ என்னும் விளையாட்டில், தெருவிற் செல்வோரை மோதினால் ஆடுவோனுக்குக் கூடுதல் நேரம் பரிசாகக் கிடைக்கும். திரைப்பட வகைப்படுத்தற் சபை சான்றிதழ் மறுத்தது. நிறுவனத்தார் செய்த திருத்தம் நோக்கத்தக்கது. சாலை மாறவில்லை, கார் மாறவில்லை, மோதலும் பரிசும் மாறவில்லை. தெருவிற் செல்வோரை நடைப்பிணங்களாக்கினர். குருதியின் செந்நிறத்தைப் பச்சையாக்கினர். அவ்வளவில் விளையாட்டு விற்பனைக்குத் தகுதி பெற்றது. ஜெர்மனியிற் பிணமும் ஏற்கப்படாதெனக் கருதி எண்ணெய் சிந்தும் இயந்திர மனிதரை வைத்தனர். பின்னர் மேன்முறையீட்டில் நிறுவனம் வென்று பிரித்தானியாவில் முதல் வடிவத்தையே வெளியிட்டது என்பது வேறு கதை.

நடைப்பிணம் என்பது இங்கே ஒரு கதைமாந்தன் அன்று, ஓர் அனுமதிச்சீட்டு என்பது இவ்வரலாற்றால் விளங்கும். ‘இவன் முன்னமே இறந்தவன்’ என்று ஒரு சொற் சொல்லிவிட்டால் அவன்மீது எதுவும் செய்யலாம். செய்தவனுக்கு வழக்குமில்லை, பழியுமில்லை. செயல் ஒன்றே, பெயர் வேறு. மனித வரலாற்றில் இவ்வுத்தி விளையாட்டிற் பிறந்ததன்று. எந்த நாட்டிலும் எந்தப் போரிலும், கொல்லுமுன் கொல்லப்படுவோர்க்கு மனிதர் என்னும் பெயரை நீக்கி வேறொரு பெயர் இடுதல் முதற்காரியமாக நிகழ்ந்துள்ளது. முப்பது ஆண்டு அளவாகப் போர்ச்செய்தி கேட்டு 2009 இல் அதன் முடிவையும் கண்ட இத்தீவிற்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

அப்பெயர்தான் எங்கிருந்து வந்தது? கரிபியன் கடலிலுள்ள ஹெயிற்றியில், ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்த மக்களிடையே ‘சொம்பி’ என்னும் நம்பிக்கை வழங்கிற்று. மந்திரவாதி ஒருவன் இறந்தவனை எழுப்பித் தன் ஏவலாளாக்கி வயலில் உழைக்கச் செய்வான் என்பதே அதன் சாரம். அச்சொம்பி எவரையும் கடிப்பதில்லை, தின்பதில்லை, உழைக்கும். கரும்புத்தோட்ட அடிமைக்கு இறப்பு ஒன்றே விடுதலை. இறந்தபின்னும் தோட்டத்தில் உழைக்க நேரின் என் செய்வது என்னும் அச்சம் அதில் உறைந்துளது. 1929 இல் வில்லியம் சீப்ரூக் என்னும் அமெரிக்கர் எழுதிய ‘மாயத்தீவு’ என்னும் பயணநூல், கரும்புவயலில் வேலைசெய்யும் பிணங்கள் பற்றிய அத்தியாயத்தோடு இந்நம்பிக்கையை மேலைநாட்டார்க்குப் பரப்பிற்று. 1932 இல் ‘வைட் சொம்பி’ என்னும் படம் வந்தது. அதிலும் அவர்கள் சர்க்கரை ஆலையிற் செக்கிழுத்தனர். 1968 இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்த படத்திலேயே மனிதரைத் தின்னும் கும்பலாகப் பிணங்கள் எழுந்தன. அப்படத்தில் எவரும் அவற்றைச் சொம்பி என்று அழைப்பதில்லை என்பது வியப்பு. பெயர் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழிற் சக்தி சௌந்தர் ராஜனின் ‘மிருதன்’ என்னும் படம் 2016 இல் இப்பொருளைக் கொணர்ந்தது. அதன் நாயகன் போக்குவரத்துக் காவலன். சாலை விதியைக் காக்கும் ஒருவனைப் பிணக்கூட்டத்தின் எதிரே நிறுத்திய அக்கற்பனையில் ஒரு நயம் இருந்தது. படம் அதனை முற்றும் பயன்படுத்தவில்லை.

தமிழிலோ ‘நடைப்பிணம்’ என்னும் சொல் பழையது. அது குறிப்பது எழுந்த பிணத்தை அன்று. உணர்வும் ஊக்கமும் இழந்து, உயிரோடு இருந்தும் இயந்திரம்போல் நடமாடுவோனையே தமிழர் நடைப்பிணம் என்பர். பிறரோடு ஒத்து வாழ்தலை அறியாதவனை இறந்தவருள் ஒருவனாக எண்ணுக என்று ஒப்புரவு பற்றிய அதிகாரத்தில் வள்ளுவரும் கூறினார். ஹெயிற்றியின் சொம்பியையும் தமிழரின் நடைப்பிணத்தையும் அருகருகே வைத்து, மீண்டும் அப்பேருந்தில் அமர்ந்திருக்கும் மாணவனை நோக்கினால் ஓர் ஐயம் எழுகின்றது. ஓடுகின்றான், கூலி பெறுகின்றான், கூலி முழுவதையும் கருவியிற் போடுகின்றான், மறுநாளும் அதே சாலையில் ஓடுகின்றான். ஓய்வு என்று எடுத்த ஒன்றிற் கூலிவேலையின் வடிவம் அச்சாக அமைந்திருக்கின்றது. ‘இறப்பதற்கு ஈட்டு’ என்று பெயரிட்டவர் இதனை அறிந்தே நகைத்தனர் போலும். இவ்வகையில், நடைப்பிணங்களை மோதும் விளையாட்டு என்னும் விவரணம் முழுமையானதன்று. திரைக்கு இப்பாலும் ஒருவரைச் சேர்த்து எண்ணவேண்டும்.

இக்கூற்றை மிகைப்படுத்தி, இவ்விளையாட்டை ஆடும் சிறுவர் கொலைஞராவர் என்று முரசறைதல் பொருந்தாது. 1976 முதல் அவ்வாறு அஞ்சப்பட்டு வந்துளது. 2019 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் பிரித்தானிய இளைஞரிடையே செய்து வெளியிட்ட ஆய்வில், வன்மையான விளையாட்டு ஆடுதற்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு காணப்படவில்லை. நிலாவெளி மாணவனும் பேருந்தை விட்டிறங்கியதும் வீதியோரத்து நாய்க்குட்டியைத் தாண்டி விலகியே நடப்பான். திறனாய்வின் வினா அதுவன்று. ஒரு கலைவடிவம் தன் பொருளிலிருந்து எதனை எடுக்கின்றது, எதனை எடுக்காது விடுகின்றது என்பதே வினா. சக்கரமும் அதன்கீழ்ப்பட்ட உடலும் என்னும் பொருளை இத்தலைமுறை புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தமிழ் இலக்கியம் அதனை ஈராயிரம் ஆண்டாக எண்ணி வந்துளது. ஆகவே ஒப்புநோக்கல் முறையே.

சங்கத்தார் தேர் பற்றிப் பாடியவற்றுள் மிகப் புகழ்பெற்றவை தேர் விரைந்த இடங்களல்ல. தேர் தயங்கிய இடங்கள். கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தேரை விட்டுச் சென்றமை சிறுவரும் அறிந்தது. அகநானூற்றில் குறுங்குடி மருதனார் பாடலொன்றிற் கார்காலத்துத் தலைவியை நாடி விரையும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சி அகலுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான். அவன் விரைவு குன்றியதாகப் புலவர் கூறவில்லை. விரைவும் உண்டு, சாலையோரத்து உயிர்க்கு இடமும் உண்டு.

திருவாரூரிற் சோழ இளவரசன் வீதிவிடங்கனின் தேர்க்காலில் ஆன்கன்று அகப்பட்டு மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அமைச்சர்கள் கழுவாய் கூறினர், மன்னன் ஏற்கவில்லை. ஏவப்பட்ட அமைச்சன் அக்கொடுஞ்செயலை ஆற்றாது தன்னுயிரை விட, மனுநீதி கண்ட சோழன் தானே தேரேறி மகன்மீது செலுத்தினான் என்று சேக்கிழார் பாடுவார். இறைவன் அருளால் மூவரும் எழுந்தனர். இறந்தோர் எழுதல் அங்கும் உண்டு. அவ்வெழுச்சி அச்சத்தைத் தரவில்லை.

இக்கதைக்கு இலங்கையில் ஓர் உடன்பிறப்பு உண்டு. மகாவம்சம் அநுராதபுரத்தில் நாற்பத்து நான்கு ஆண்டு ஆண்ட எல்லாளனைப் பற்றியும் இதனையே கூறுகின்றது. திசவாவிக்குத் தேரிற் சென்ற அவன் மகன், தாயோடு வழியிற் கிடந்த இளங்கன்றின் கழுத்தில் அறியாது சக்கரத்தை ஏற்றிவிட்டான்; பசு மணியை இழுத்தது; மன்னன் அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துணிப்பித்தான். அதனோடு அமையாது, மற்றொரு நிகழ்ச்சியும் அந்நூலில் வருகின்றது. மன்னனின் தேர் ஒரு தூபியில் முட்டி அதன் கற்கள் பெயர்ந்தன. எல்லாளன் பௌத்தன் அல்லன். ஆயினும் தேரினின்று இறங்கி வழியிற் கிடந்து, தன் தலையையும் சக்கரத்தால் துணிக்குமாறு கூறினான். அமைச்சர் தடுத்தனர். பெயர்ந்த பதினைந்து கற்களை மீண்டும் வைத்தற்குப் பதினையாயிரம் காசு செலவிட்டான் என்று நூலாசிரியர் எழுதுகின்றார். இவன் தம் சமயத்தான் அல்லன், தம் நாயகனுக்குப் பகைவன் என்று அறிந்தே அவர் இவற்றை எழுதினார். அவனைப் போரில் வென்ற துட்டகைமுனு அவன் உடல் எரிந்த இடத்தில் நினைவுச்சின்னம் எடுத்து வழிபாட்டுக்கு விதி செய்தான் என்றும், பின்வந்த அரசர் அவ்விடத்தை அணுகுங்கால் இசையை நிறுத்தி வந்தனர் என்றும் அந்நூலே கூறும். வரலாற்றில் இவை எவ்வளவு நிகழ்ந்தன என்பது ஆராய்ச்சியாளர் தொழில். கதையாக இவற்றைப் பேணிய இருசாராரும் எதனை உயர்வென்று எண்ணினர் என்பது ஐயத்திற்கு இடமற்றது.

ஒரு தொலைபேசி விளையாட்டைப் பெரியபுராணத்தின் அருகில் வைத்தல் நீதியா என்று கேட்கப்படலாம். தரத்தால் ஒப்பிடுதல் நீதியன்று. இங்கு ஒப்பிடப்படுவது தரமன்று. சக்கரம் எதற்காக நிற்கின்றது என்னும் ஒன்றே. அக்கதைகளில் தேரின் கீழே கிடப்பது இன்னதென்று அறிந்தவுடன் சக்கரம் நிற்கின்றது. கன்றாயினும், கல்லாயினும், கொடியாயினும் அதற்கு ஒரு தாய் அல்லது ஒரு சொந்தம் உண்டு. அச்சொந்தம் மணியை இழுக்கின்றது. விளையாட்டிற் சக்கரம் எரிபொருளுக்காக மட்டும் நிற்கின்றது. நடைப்பிணத்திற்குத் தாய் இல்லை. மணி இழுக்க எவருமில்லை.

இவ்விடத்தில் நிலாவெளியை மறந்து பேசுதல் இயலாது. திருகோணமலைக்கு வடமேற்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. தாய் இறந்தாள் என்று கேட்ட இராவணன் அவளுக்குக் கிரியை செய்தற்பொருட்டு அமைந்தன அவை என்பது ஐதிகம். அம்மாவட்டத்துச் சைவ மக்கள் இறந்தோர்க்கான அந்தியேட்டிக் கிரியைகளை அங்குச் சென்று செய்தல் நெடுநாள் வழக்கு. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையில் ஏறிற்று. கடல் கொண்டோருட் சிலரின் உடல்கள் கரைக்கு மீளவேயில்லை. உடல் கிடையாதவிடத்துத் தருப்பையால் உருவம் செய்து, அதற்குப் பெயர் சொல்லி, முறைப்படி எரியூட்டுதற்குச் சைவக் கிரியை நூல்கள் விதி வகுத்துள்ளன. உடலின்றிப் பெயர் மட்டும் எஞ்சிய ஒருவரையும் இறந்தவர் என்னும் நிலைக்கு உயர்த்தி அனுப்பிவைக்கும் ஏற்பாடு அது. விளையாட்டின் நடைப்பிணம் அதன் நேர்மறுதலை. அங்கு உடல் உண்டு, பெயர் இல்லை. ஆதலின் கிரியையும் இல்லை. தமிழ்க் கிராமத்து நம்பிக்கையின்படி, கிரியை பெறாதவனே அலைகின்றான். அவனுக்கு வேண்டுவது நீர்க்கடன்; அதனைக் கொடுக்கும் பொத்தான் அத்திரையில் இல்லை.

அங்ஙனம் ஒரு பொத்தான் இருக்கவேண்டும் என்று கூறுதல் விளையாட்டை நீதிபோதனை வகுப்பாக்குதலாகும். அது சிறுவர்க்கும் உவப்பாகாது, கலைக்கும் நன்றாகாது. விளையாட்டின் இயக்கத்திற்குள்ளேயே, போதனை எதுவுமின்றி, இறந்தோர்க்கு இடம் கொடுத்தல் இயலும் என்பதற்கு மேலே கூறிய 1976 ஆம் ஆண்டின் பழம்பொறியே சான்று. பண்பற்றது என்று நாடே தூற்றிய அந்த ‘டெத் ரேஸ்’ விளையாட்டில், உருவம் மோதுண்டு அலறி வீழ்ந்த இடத்திற் சிலுவை வடிவில் ஒரு கல்லறைச் சின்னம் எழும். அது மறைவதில்லை. வண்டி அதன்மீது ஏற இயலாது, முட்டி நிற்கும். ஒன்று, இரண்டு, பத்து எனக் கற்கள் பெருகப் பெருகத் திரையில் ஓட இடமின்றிப் போகும். வெற்றியெண் ஏறும் அளவிற்கு வெளி குறையும். தன்னால் வீழ்ந்தவர்களின் கற்களுக்கு இடையே வளைந்து வளைந்து சுக்கானைத் திருப்பியே ஆடுவோன் மேற்செல்லவேண்டும். நிறமும் முகமும் இல்லாத குச்சி உருவங்களைக் கொண்டு, கதை ஒன்றும் சொல்லாது, ஓர் எளிய விதியால் அப்பொறி இதனைச் செய்துவிட்டது. அதனை ஆக்கியோர் ஆட்டத்தைக் கடினமாக்கவே கற்களை வைத்தனர் என்பது வெளிப்படை; விளைவோ அவர்கள் கருதியதினும் பெரிது.

‘ஏர்ண் டு டை’யிலும் அதற்கு வித்து உண்டு, உடலின் எடையே அவ்வித்து. ஆயின் ஆடுவோன் ஈட்டும் பணம் முழுவதும் அவ்வெடையை உணராதிருத்தற்கே செலவாகின்றது. வலிய இயந்திரம் வாங்குவது அதற்காக. கூரிய இரும்புச் சட்டம் வாங்குவது அதற்காக. முதல் நாள் பத்துப் பிணங்களின் எதிரே திணறி நின்ற கார், இறுதி நாள் நூறு பிணங்களை ஊடறுத்துச் செல்கின்றது. வேகம் குறைவதே தெரிவதில்லை. விளையாட்டு அதனை முன்னேற்றம் என்று கொண்டாடுகின்றது. சுவையாயிருந்ததோ முதல் நாட்களே. வண்டி திணறியபொழுது ஆட்டம் இருந்தது. திணறல் நீங்கிய பின் எஞ்சுவது காட்சி மட்டுமே. மாணவரும் இதனை ஒப்புவர். கடைசி வண்டியைப் பெற்றபின் ஆட்டம் சலித்துவிட்டது என்று கூறாதவர் அரியர்.

மற்றொன்றும் காண்டற்குரியது. பழம்பொறியிற் கல் நின்ற இடத்தில் இங்கு ஒன்றும் நிற்பதில்லை. எரிபொருள் தீர்ந்து நாள் முடிந்ததும் திரை கடைக்கு மாறுகின்றது. வாங்கவேண்டியதை வாங்கியபின் மீண்டும் சாலை வருகின்றது. முதல் நாள் சிதறிய உடல்களின் சுவடு மணலில் இல்லை. அதே மேட்டின் அடியில், அதே நிரையில், அதே தள்ளாட்டத்தோடு அவை மீண்டும் எழுந்து நிற்கின்றன.